நுரை எழுந்து உட்கார்ந்துவிட்டதா? லிக்னின் பாலியாலில் பிழை தேடும் முறை

லிக்னினைக் (தாவர நார்களை ஒட்டிப் பிடிக்கும் பசை போன்ற பொருள்) கொண்டு பாலியூரித்தேன் நுரை செய்துகொண்டிருந்த ஒரு மாணவி, சென்ற ஆண்டின் மழை நாள் ஒன்றில் ஆய்வகக் கதவைத் தட்டினார். கையில் காகிதக் கோப்பை. உள்ளே, வேகாமல் அமுங்கிப்போன பணியாரம் போலப் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று. "அண்ணா, குறிப்பில் உள்ளபடிதான் எல்லாம் செய்தேன். நுரை நன்றாக எழுந்தது. பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டது" என்றார். வினையூக்கியை மாற்றியிருக்கிறார், குமிழிகளைத் தாங்கும் சிலிக்கோனைக் கூட்டியிருக்கிறார், ஐசோசயனேட்டைக் குறைத்தும் பார்த்திருக்கிறார். ஆறு கோப்பைகள் வீண். அவர் தொடாமல் விட்டது ஒன்றே ஒன்று: ஒரு மாதத்துக்கு முன் தாமே கழுவி உலர்த்தி டப்பாவில் அடைத்து வைத்திருந்த லிக்னின் தூள். கடைசியில் குற்றவாளி அந்த டப்பாவுக்குள்தான் இருந்தது.

பினாங்கில் இந்த வேலைக்கு இறங்குகிறவர்களுக்கு மூலப்பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. பாலத்தைக் கடந்து நிபோங் திபால் பக்கம் போனால் செம்பனை ஆலைகள் இருக்கின்றன. ஒரு டன் பழக்குலை ஆலைக்குள் போனால் ஏறக்குறைய 220 கிலோ, பழம் உதிர்த்த வெறுங்குலையாக வெளியே வருகிறது. குளுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் வெறுங்குலை லிக்னினைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. ஆகவே வழிமுறைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் வழிமுறைக் குறிப்புகள் சரியாக வந்ததைச் சொல்லுமே தவிர, வராதபோது எங்கே பார்ப்பது என்று சொல்வதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. பாலியூரித்தேன் என்பது 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பாயர் குழுவினர் கண்ட பொருள். ஹைட்ராக்சில் நிறைந்த பாலியால் ஒரு கை, ஐசோசயனேட் மறு கை. லிக்னினில் ஹைட்ராக்சில் ஏராளம். ஆனால் அதில் பெரும்பங்கு பீனால் வகை. பருத்த மூலக்கூறுக்குள் ஒளிந்து கிடப்பது. ஐசோசயனேட்டோடு மந்தமாகவே வினைபுரியும். புரிந்தாலும் அந்தப் பிணைப்பு 120 பாகை செல்சியஸ் அளவிலேயே அவிழத் தொடங்கிவிடும். கொழுப்பு வகை (அலிபாட்டிக், அதாவது பென்சீன் வளையத்தில் நேராக ஒட்டாத) ஹைட்ராக்சிலின் பிணைப்பு 200 பாகை வரை தாங்கும். எனவே பீனாலின் முனையில் ஒரு சங்கிலியை ஒட்டி, ஹைட்ராக்சிலை வெளியே நீட்டிவிட வேண்டும். மாற்றியமைத்தல் என்பது இவ்வளவுதான்.

தொழிற்சாலைகள் இதற்குப் புரோப்பிலீன் ஆக்சைடைப் பயன்படுத்துகின்றன. அதன் கொதிநிலை 34 பாகை, நம் ஊர்ப் பகல் வெயிலுக்கே ஆவியாகிவிடும். எளிதில் தீப்பற்றும், புற்றுநோய் அபாயமும் உண்டு, அழுத்தக் கலனும் வேண்டும். முறையான கலனும் பயிற்சியும் இல்லாத ஆய்வகத்தில் அதைத் தொடக் கூடாது என்பது என் கட்சி. கீழே உள்ளவை புரோப்பிலீன் கார்பனேட் வழியைப் பற்றியவை: சாதாரண அழுத்தம், 150 முதல் 170 பாகை, பொட்டாசியம் கார்பனேட் வினையூக்கி, புகைபோக்கிப் பெட்டிக்குள்.

அறிகுறி: லிக்னின் வடிதாளில் சேறாக நிற்கிறது

கருநீரில் (வெறுங்குலையைக் காரத்தில் சமைத்தபின் மிஞ்சும் கரிய நீர்) கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஎச் 2க்கு இறக்கியிருப்பீர்கள். பழுப்புக் கஞ்சி கிடைத்திருக்கும். வடிகட்டியில் ஊற்றினால் இரண்டு நிமிடம் ஓடி, பிறகு அடைத்துக்கொள்ளும். துகள்கள் மிக நுண்ணியவையாக இருப்பதே காரணம். கஞ்சியை 60, 70 பாகைக்குச் சூடாக்கி மெதுவாகக் கிளறுங்கள். துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ரவை போலத் திரளும். ஆறவிட்டு வடிகட்டினால் தடையின்றி இறங்கும். வேகமாகக் கிளறினால் திரண்டது மறுபடி உடையும்.

அடுத்து கழுவல். வெறும் நீரால் கழுவினால் முதலில் தெளிவாக வரும் வடிநீர் திடீரென்று பழுப்பாகும். உங்கள் லிக்னின்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. உப்பும் அமிலமும் நீங்கியதும் துகள்கள் மீண்டும் கலைந்துவிடுகின்றன. அதனால் பிஎச் 2 அளவுள்ள அமில நீரால் கழுவ வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு: அமிலத்தை அப்படியே விட்டு உலர்த்தினால், நீர் வற்ற வற்ற அமிலம் செறிந்து லிக்னினைக் கருக்கும். கடைசியாக ஒரே ஒரு முறை குளிர்ந்த நீரை ஊற்றி, வடிநீரில் நிறம் தெரிந்த கணத்தில் நிறுத்திவிடுகிறேன். வெற்றிட அடுப்பில் 40, 50 பாகைக்கு மேல் ஏற்றுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. எரிசோடாவில் மட்டும் சமைத்த கருநீர் என்றால் பயமில்லை. எரிசோடாவோடு சல்பைடையும் சேர்த்துச் சமைக்கும் கிராப்ட் முறையின் கருநீரில் சல்பைடு இருக்கும். அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். அழுகிய முட்டை நாற்றம் சிறிது நேரத்தில் தெரியாமல் போனால், வாயு போய்விட்டது என்று பொருளில்லை. மூக்கு மரத்துப்போயிருக்கலாம்.

அறிகுறி: தூள் நறநறவென்று இருக்கிறது, கரைய மறுக்கிறது

வெறுங்குலை நாரில் சிலிக்கா பதிந்திருக்கும். எரிசோடாவில் சமைக்கும்போது அதுவும் கரைந்து, அமிலம் விடும்போது லிக்னினோடு சேர்ந்து விழும். எரிசோடாவில் கரைத்துச் சோதிக்காதீர்கள். புதிதாக விழுந்த சிலிக்காவும் அதில் கரைந்து உங்களை ஏமாற்றிவிடும். டைமெத்தில் சல்பாக்சைடில் கரைத்துப் பாருங்கள். லிக்னின் கரையும், சிலிக்காவும் உப்பும் அடியில் நிற்கும்.

எது சிலிக்கா, எது உப்பு? கொஞ்சம் தூளை மூசையில் 525 பாகையில் சாம்பலாக்கி எடையிடுங்கள். சாம்பலை வெந்நீரில் அலசி மறுபடி எடையிடுங்கள். கரைந்துபோனது பெரும்பாலும் சோடிய உப்பு. மிஞ்சியதில் பெரும்பங்கு சிலிக்கா. உப்பு என்றால் கழுவல் போதவில்லை, திரும்பக் கழுவலாம். சிலிக்கா என்றால் கழுவிப் பயனில்லை. அடுத்த முறை அமிலத்தை இரண்டு கட்டமாக விடுங்கள்: பிஎச் 10ஐ ஒட்டி ஒருமுறை நிறுத்தி, விழுந்ததை மையவிலக்கில் நீக்கிவிட்டு, பிறகு 2க்கு இறக்குங்கள். முதல் கட்டத்தில் கொஞ்சம் லிக்னினும் போகும். போகட்டும்.

அறிகுறி: குடுவையில் குமிழிகள் அளவுக்கு மீறி வருகின்றன

பலர் இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறார்கள். வினை மும்முரமாக நடக்கிறது என்று மகிழ்ச்சி. முதலில் கணக்கைப் பாருங்கள்.

பீனால் முனை ஒன்று புரோப்பிலீன் கார்பனேட்டோடு இணைந்தால் ஒரு கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். 20 கிராம் லிக்னின், கிராமுக்கு 3 மில்லிமோல் பீனால் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 மில்லிமோல். வெளியேற வேண்டிய வாயு 2.6 கிராம், அறை வெப்பத்தில் ஒன்றரை லிட்டர். இப்போது அந்தத் தூளில் 8 விழுக்காடு ஈரம் இருந்தால்? 1.6 கிராம் நீர், அதாவது 89 மில்லிமோல். காரம் இருக்கையில் அந்தச் சூட்டில் நீரும் புரோப்பிலீன் கார்பனேட்டைப் பிளக்கும். அப்போதும் கார்பன் டை ஆக்சைடுதான் வரும், கூடவே புரோப்பிலீன் கிளைக்கால் பிறக்கும். நீங்கள் பார்த்து மகிழ்ந்த குமிழிகளில் பாதிக்கு மேல் லிக்னினைச் சேர்ந்தவை அல்ல.

நம் ஊரில் 8 விழுக்காடு ஈரம் பெரிய விஷயமே இல்லை. காலையில் டப்பாவைத் திறந்து எடைபோட்டு, தொலைபேசி வந்ததென்று திறந்தபடியே போய்விட்டுத் திரும்பினால் தூள் ஈரத்தைக் குடித்திருக்கும். உலர்த்திய கையோடு எடையிட்டு, அதே மணியில் குடுவையில் போடுங்கள். கார்ல் பிஷர் கருவி இருந்தால் ஈரத்தை அளந்து குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கிராமைத் தனியாக 105 பாகையில் காயவைத்து எடைக் குறைவைப் பாருங்கள். (அந்த ஒரு கிராமைத் திரும்ப டப்பாவில் போடாதீர்கள். சிக்கனம் எல்லா இடத்திலும் நல்லதில்லை.)

அறிகுறி: குடுவையில் ரப்பர் கட்டி

கிளறி திணறி நிற்கும், சுவரில் கரும் தோல் படியும். லிக்னின் தனக்குள்ளேயே ஒடுங்கிப் பிணைந்துவிட்டது. வெப்பமானி 170 காட்டினாலும் குடுவையின் அடி அதைவிடச் சூடாக இருக்கும். எண்ணெய்த் தொட்டியின் வெப்பத்தையும் பாருங்கள். புரோப்பிலீன் கார்பனேட்டின் அளவு குறைவாக இருந்தாலும், தூளை ஒரே வீச்சில் கொட்டினாலும், நேரத்தை இரவு முழுக்க நீட்டினாலும் இதே கதி. கட்டியானதைக் கரைத்து மீட்க முயல வேண்டாம், நான் இரண்டு நாள் முயன்றிருக்கிறேன். அடுத்த தடவை முதலில் புரோப்பிலீன் கார்பனேட்டை 100 பாகைக்குச் சூடாக்கி, தூளைப் பிடிபிடியாகக் கரையவிட்டு, முழுதும் கரைந்த பிறகே வினையூக்கியைச் சேர்த்துச் சூட்டை ஏற்றுங்கள்.

அறிகுறி: ஹைட்ராக்சில் எண் அழகாக இருக்கிறது, நுரை அழகாக இல்லை

எனக்கு மிகவும் பிடித்த பிழை இது. காரணம், எண் பொய் சொல்வதில்லை. நாம் கேட்ட கேள்வி தவறு.

முதலில் எண்ணையே (ஒரு கிராம் பாலியாலில் எவ்வளவு ஹைட்ராக்சில் என்பதைக் காட்டும் அளவு) சந்தேகியுங்கள். அசெட்டிக் அன்ஹைட்ரைடு முறையில் தரம்பார்க்கும்போது பினாப்தலீனின் இளஞ்சிவப்பு, கருங்கோப்பி நிறப் பாலியாலில் எப்படித் தெரியும்? தெரிந்ததாக நினைத்துக்கொள்வோம், அவ்வளவே. மின்முனை வைத்து பிஎச் வளைவை வரைந்து முடிவுப் புள்ளியை எடுங்கள். பாலியால் இல்லாத வெற்றுச் சோதனையையும் அதே நாளில் செய்யுங்கள்.

எண் சரியென்றே வைத்துக்கொள்வோம். அந்த ஹைட்ராக்சில் யாருடையது? மேலே பிறந்த புரோப்பிலீன் கிளைக்காலின் ஹைட்ராக்சில் எண் ஏறக்குறைய 1,475. அதில் சிறிதளவு கலந்திருந்தாலே மொத்த எண்ணைத் தூக்கிவிடும். லிக்னின் தொடப்படாமலேயே இருக்க, அறிக்கையில் 400 என்று வரும். நுரையில் அந்தக் கிளைக்கால் குட்டைச் சங்கிலியாகப் போய்ச் சேரும். மாறாத லிக்னின் மண்துகள் போல நிற்கும்.

கண்டுபிடிக்கும் வழி: பாலியாலில் சிறிது எடுத்து, ஏராளமான அமில நீரில் ஊற்றுங்கள். கிளைக்காலும் மிச்சக் கார்பனேட்டும் நீரோடு போகும், லிக்னின் விழும். விழுந்ததைக் கழுவி உலர்த்தி, பாஸ்பரஸ் 31 என்.எம்.ஆர். சோதனைக்குக் கொடுங்கள். கொழுப்பு வகை ஹைட்ராக்சில் 145க்கும் 150 பிபிஎம்முக்கும் இடையே தெரியும், பீனால் 137க்கும் 144க்கும் இடையே. வினை நடந்திருந்தால் பீனால் மேடு தாழ்ந்து, மற்றது உயர்ந்திருக்கும். மூல லிக்னினின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் முடிவுக்கு வராதீர்கள். என்.எம்.ஆருக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தால், அதற்குள் அகச்சிவப்பு நிறமாலை ஒன்று எடுங்கள். அலை எண் 1,790ஐ ஒட்டிய முனை, வினைபுரியாமல் தங்கிய வளையக் கார்பனேட்டைக் காட்டும். 1,745ஐ ஒட்டி எழுந்தால், கொழுப்பு வகை ஹைட்ராக்சில் கார்பனேட்டின் வேறு முனையைத் தாக்கிப் பக்கவினை நடந்திருக்க வாய்ப்புண்டு.

வளையக் கார்பனேட் தங்கியிருந்தால் அது ஐசோசயனேட்டோடு சேராது, நுரைக்குள் எண்ணெய் போலத் தங்கி அதை மெத்தென்று ஆக்கும். கெட்டி நுரை கேட்டு, மெத்தை கிடைத்தவர்கள் முதலில் இதைப் பாருங்கள். 242 பாகையில் கொதிப்பது அது. வெற்றிடத்தில் பொறுமையாக இழுக்க வேண்டும்.

இனி ஐசோசயனேட் கணக்கு. எண் 400 என்றால் சமான எடை (ஒரு ஹைட்ராக்சிலுக்குரிய பாலியாலின் எடை) 56,100ஐ 400ஆல் வகுத்து 140. 100 கிராம் பாலியாலில் 0.71 சமானம். நுரை எழ 2 கிராம் நீர் சேர்த்தால் (நீரும் ஐசோசயனேட்டும் சேர்ந்தால்தான் கார்பன் டை ஆக்சைடு வரும்), நீரின் சமான எடை 9 என்பதால் இன்னொரு 0.22. மொத்தம் 0.93. நாம் பயன்படுத்தும் ஐசோசயனேட்டான பாலிமெரிக் எம்.டி.ஐ.யின் சமான எடை ஏறக்குறைய 135. ஆக 126 கிராம் வேண்டும், 10 விழுக்காடு கூடுதலாக என்றால் 139. இப்போது பாலியாலில் கணக்கில் வராத 1 கிராம் நீர் ஒளிந்திருந்தால், அது மட்டுமே 15 கிராம் ஐசோசயனேட்டை விழுங்கும். ஒரு சிட்டிகை ஈரத்துக்கு ஒரு மேசைக்கரண்டி ஐசோசயனேட். பிசுபிசுப்புத் தீராத நுரைகளில் பெரும்பாலானவற்றை நான் இந்தக் கணக்கில்தான் பிடித்திருக்கிறேன்.

அறிகுறி: கலக்கி முடிப்பதற்குள் பொங்குகிறது

ஐரோப்பியக் குறிப்புகள் 20, 25 பாகை அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் அறை 31. முதலில் இரு பாகங்களையும் 22 பாகைக்குக் குளிர்வித்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் குற்றம் மிச்சமிருக்கும் பொட்டாசியத்தில். பாலியாலை நீரும் எத்தனாலும் கலந்த திரவத்தில் கரைத்து பிஎச் பாருங்கள். காரமாக இருந்தால், அது ஐசோசயனேட்டை வேகப்படுத்துவதோடு, மூன்று மூன்றாகத் தன்னோடு தானே வளையமாகவும் சேர்த்துவிடும்.

காரத்தை நடுநிலையாக்க எல்லோர் கையும் அசெட்டிக் அமிலத்துக்குப் போகிறது. போக வேண்டாம். அதில் உருவாகும் பொட்டாசியம் அசெட்டேட்டைத்தான் அந்த வளைய வினைக்கென்றே நுரைத் தொழிலில் விலைகொடுத்து வாங்குகிறார்கள்! பாஸ்பாரிக் அமிலத்தால் நடுநிலையாக்கி, விழும் உப்பை வடிகட்டி நீக்குங்கள். அமிலம் மிஞ்சினால் எதிர்த்திசையில் வம்பு: அமீன் வினையூக்கியை அது கட்டிப்போட்டுவிடும், கோப்பை மணிக்கணக்கில் அசையாமல் இருக்கும்.

அறிகுறி: எழுந்து உட்கார்ந்துவிட்டது

அந்த மாணவியின் பணியாரத்துக்கு வருவோம். வாயு எழும் வேகத்துக்குச் சுவர் கெட்டியாகாவிட்டால் நுரை அமுங்கும். கெட்டிப்படுத்தும் தகர வினையூக்கியைச் சிறிது கூட்டினால் சரியாகும். அவர் கூட்டியிருந்தார், சரியாகவில்லை. சிலிக்கோன் குறைவா? இரட்டிப்பாக்கியிருந்தார். அவருடைய லிக்னின் தூளை ஒரு வடிதாளில் பரப்பி, மேலே இன்னொரு தாளை வைத்து, மிதமான சூட்டில் அழுத்தச் சொன்னேன். தாளில் வடைக்கடைப் பொட்டலம் போல எண்ணெய்க் கறை.

செம்பனை வெறுங்குலையில் எண்ணெய் மிச்சமிருக்கும். எரிசோடாவில் சமைக்கும்போது அது சவர்க்காரமாகும், அமிலம் விடும்போது கொழுப்பு அமிலமாக லிக்னினோடு விழும். மற்ற மரங்களின் லிக்னினைப் பற்றிய குறிப்புகளில் இந்தத் தொல்லை இந்த அளவுக்கு இராது. கொழுப்பு, குமிழிச் சுவரை அறுக்கும். அதன் அமில முனை ஐசோசயனேட்டையும் தின்னும். சோக்ஸ்லெட் பிரித்தெடுப்புக் கருவியில் என்-பென்டேன் விட்டுச் சில மணி நேரம் கழுவினால் கொழுப்பு நீங்கும். அதைவிட நல்லது, வெறுங்குலையைச் சமைக்கும் முன்பே வெந்நீரில் சோப்பு போட்டு அலசி விடுவது. அவர் பென்டேனில் கழுவி, பழைய குறிப்பை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஏழாவது கோப்பையைச் செய்தார். நின்றது.

அறிகுறி: மறுநாள் காலையில் சுருங்கிக் கிடக்கிறது

மூடிய குமிழிகளிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியே கசியும் வேகம், காற்று உள்ளே புகும் வேகத்தைவிட அதிகம். உள்ளே அழுத்தம் குறைந்து சுவர் உள்வாங்குகிறது. சுவரைக் கெட்டியாக்க வேண்டும்: மென்மைக்காகச் சேர்த்த பாலிஎத்திலீன் கிளைக்காலைக் குறையுங்கள், ஐசோசயனேட் விகிதத்தைச் சற்று ஏற்றுங்கள்.

அறிகுறி: விரல் பட்டால் உதிர்கிறது

இது நேர்மாறு. கரையாத லிக்னின் துகளா என்று முதலில் பாருங்கள். ஒரு சொட்டுப் பாலியாலை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுக்கி, நுண்ணோக்கியில் வைத்தால் தெரியும். துகள் இல்லையென்றால் வலைப்பின்னல் அளவுக்கு மீறி நெருக்கமாகிவிட்டது. பாலிஎத்திலீன் கிளைக்கால் 400 சேர்க்கலாம். எனக்கு ஆமணக்கு எண்ணெய்தான் பிடிக்கும். ஹைட்ராக்சில் எண் ஏறக்குறைய 160, நீண்ட சங்கிலி, தாவரப் பொருளுக்குத் தாவரப் பொருளே துணை. பாலியாலில் பத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கி, ஐசோசயனேட் கணக்கைத் திருத்திப் போடுங்கள்.

நுரை வெள்ளையாக வரவில்லை என்று கவலைப்பட்டு இருவர் கேட்டிருக்கிறார்கள். வராது. லிக்னின் பழுப்பு.

அறிகுறி: போன மாதம் வந்தது, இந்த மாதம் வரவில்லை

ஆலை மாறியிருக்கும், அல்லது அதே ஆலையின் குவியலில் வேறு பக்கத்திலிருந்து அள்ளியிருப்பீர்கள். மழையில் வாரக்கணக்கில் கிடந்த குலையும் அன்று காலை ஆலையிலிருந்து வெளிவந்த குலையும் ஒன்றல்ல. ஒரு பருவத்துக்கு வேண்டிய லிக்னினை ஒரே தடவையில் எடுத்து, நன்றாகக் கலந்து, சின்னச் சின்னப் புட்டிகளில் பிரித்து உலர்பெட்டியில் வைத்துவிடுகிறேன். ஒவ்வொரு புட்டியிலும் சாம்பல், ஈரம், எண்ணெய்க் கறைச் சோதனையின் முடிவு, தேதி.

ஐசோசயனேட் புட்டியையும் பாருங்கள். அடியில் வெள்ளைப் படிவு தெரிந்தால் ஈரம் புகுந்திருக்கலாம். அப்படிப்பட்ட புட்டியை இறுக மூடாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும். மூடியைத் தளர்த்திப் புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஆய்வகப் பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிடுங்கள். கையுறை இல்லாமல் தொட வேண்டாம். ஐசோசயனேட் ஆவிக்கு ஒருமுறை உடல் ஒவ்வாமை பழகிவிட்டால், பிறகு மிகக் குறைந்த அளவும் மூச்சிரைப்பைக் கொண்டுவரும்.